தொடைக்கோட்டை முற்றுகையும் ஒரு சோப்பும்

வாழி, கணைய நாட்டுக் காவலன்! வாழி, ஐம்பத்தொரு அமினோ அமில மணி கோத்த மார்பன்! சர்க்கரைப் பெரும்படையை மேய்க்கும் கோலோன், இன்சுலின் எனும் திருப்பெயரோன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வலத் தொடையை முற்றுகையிட்ட வரலாறு இது. நம்பாதவர் தத்தம் தொடையைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுநர் லேசுப்பட்டவரல்லர். ஒற்றை ஹாரனில் லாரிகளை ஒதுக்கியவர்; இருபது வருடம் உட்கார்ந்தபடியே உலகை ஏழு சுற்று சுற்றியவர்; ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக மூடுபவர். "அடுத்த மாசமும் சர்க்கரை குறையலேன்னா தினம் ஊசிதான்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றோ, மூன்றாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்துவிட்டார்.

மடை உடைந்த வெள்ளமெனப் பெருகி, குருதியாற்றின் இருகரையும் முட்டி, சர்க்கரைச் சேனை நெருக்கியடித்து நிற்க, அதை உள்ளே சேர்க்கும் பொறுப்பேற்ற நம் வீரன், தசையின் உயிரணுக் கோட்டை வாயிலில் நின்று மணியடித்து, இடியேறுபோல் முழங்கினான்:

"திறமின் கதவம்! இது கணையத்தின் ஆணை!"

மணி ஒலித்தது. ஆனால் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோக வேண்டிய ஏவலர்களோ, வருடக்கணக்கில் சேர்ந்த கொழுப்பில் வழுக்கி விழுந்து, பாதி வழியில், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றார்கள். சர்க்கரையை உள்ளே விடும் கதவுகளோ சுவரில் பொருத்தப்படாமல் கோட்டைக்குள் கிடங்கில் சும்மா கிடந்தன. கதவு செய்யும் முறை எழுதிய மரபணு ஏட்டுப் பக்கமோ கல்யாண ஆல்பம் மாதிரி. இருக்கிறதென்று தெரியும், எடுத்துப் பார்ப்பாரில்லை.

வெகுண்டான் வீரன். ஒருவன் ஆயிரமானான், ஆயிரம் கோடியானது. யானைகள் மோதிய மலைபோல் கோட்டை அசையாது நின்றது.

அப்போது ஓர் அசரீரி எழுந்தது. குளியலறையிலிருந்துதான்.

"என்னங்க, குளிக்கிற சோப்பு தீந்துபோச்சு!"

"அஞ்சு நிமிஷம் இரு."

"உங்க அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரம் ஓடும். தலையில தண்ணி ஊத்திட்டு நிக்கிறேன், எந்திரிங்க."

"பைக்க உன் தம்பி எடுத்துட்டுப் போயிட்டானே!"

"காலையும் சேத்தா எடுத்துட்டுப் போனான்?"

குன்று பெயர்ந்தாற்போல் எழுந்தார் ஓட்டுநர், தெருவில் இறங்கினார், நடந்தார். அவ்வளவுதான். தசை சுருங்கச் சுருங்க, மணியுமின்றி ஆணையுமின்றி, கிடங்கிலிருந்த கதவுகள் தாமே சுவருக்கு ஓடிவந்து திறந்துகொண்டன! சர்க்கரைச் சேனை சாரை சாரையாய் உள்ளே புகுந்தது. அடுப்பு மூட்டுமுன்னே சோறு வெந்தது கண்ட சமையற்காரன்போல் வாய்பிளந்து நின்றான் கணைய வீரன். நாலாவது மின்கம்பம் தாண்டுகையில், அந்த மரபணுப் பக்கத்தையும் யாரோ தூசி தட்டிப் புரட்டத் தொடங்கினார்கள்.

ஆயினும், ஒரு நடையில் வென்ற கோட்டையை ஒரு தூக்கத்தில் தோற்றுவிடலாமே, ஊசியை விரட்ட இது போதுமோ என்று மூவுலகும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, வெற்றிவேந்தர் வேர்வைமுத்து ஒளிவீச வீடு திரும்பி, குளியலறைக் கதவிடுக்கில் கைநுழைத்து, வாகைமாலை சூட்டுவதுபோல் சோப்பை நீட்டினார்.

அது துணி துவைக்கிற சோப்பு என்பதால், திரும்பவும் கடைக்கு நடந்து போய் மாற்றிக்கொண்டு வந்தார்.