மகளை ஏற்றப் போன கார்

பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரப்போகிறது என்றால் தகப்பன்மாருக்கு எல்லா வேலையும் திடீரெனத் தெரிந்துவிடும். வீட்டுக்கு நானே பெயின்ட் அடித்தேன் (சுவரைவிட எனக்குத்தான் அதிகம்). அடுத்தது கார்.

கனடாவிலிருந்து மகள் மெலனி வருகிறாள். போன அன்று பக்கத்து சீட்டில் அழுதுகொண்டு வந்தவள். அதே சீட்டில் சிரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் லைட் அணையமாட்டேன் என்றது. ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது என்றார் கராஜ்காரர். சைலன்சர் குழாயில் செருகியிருக்கும் அது, புகையை மோந்து பார்த்து எவ்வளவு பெட்ரோல் வேண்டுமென்று எஞ்சினுக்குச் சொல்லுமாம். அவருக்கு அடுத்த கிழமைதான் நேரம்; மகள் வருவதோ மறுநாள். மருதானையில் புதியதொன்றை வாங்கி, யூடியூபைப் பார்த்துக்கொண்டே கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் காருக்கு அடியில் புகுந்தேன்.

பழையது கழன்றது. புதியது திருகு மரையில் ஏறவில்லை.

“ரெஜினா, கொஞ்சம் எண்ணெய் தா!”

மனைவி நீட்டியது, கோயில் திருநாளில் வாங்கிய ஆசீர்வதித்த எண்ணெய். “இதைப் பூசுங்க. பிள்ளை ஏறப்போற கார்தானே.”

மரையில் மட்டும் பூசினால் ஆசீர்வாதம் குறைந்துவிடாதா? நுனி முதல் அடி வரை குளிப்பாட்டினேன். (அந்த நுனியில் விரல்கூடப் படக்கூடாதாம். பிறகுதான் தெரிந்தது.)

காலையில் விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன். பேலியகொடை மீன் சந்தையடியில் கார் இருமியது, விக்கியது, கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு மீன் லொறிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி, ஹோன் அடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

“என்ன அங்கிள், கருவாடு சுடுறீங்களா?” என்றான் ஒரு லொறிக்காரன்.

போன் அடித்தது.

“அப்பா, நான் வெளியில வந்திட்டன். எங்க நிக்கிறீங்க?”

“கிட்டத்தான் மகள்...”

“மீன் விலை கூவுற சத்தம் கேக்குதே?”

போனைக் கையால் பொத்தினேன்.

“அசையாம அங்கயே நில்லுங்க. நான் வந்து ஏத்துறன்.”

வாடகைக் காரில் வந்து இறங்கினாள். ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், உடனே மூக்கைப் பொத்தினாள், பிறகு மறுபடியும் கட்டிப்பிடித்தாள். கூட்டிவரப் போனவனை, அவள் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் திரும்பிப்போய் வருஷங்களாகிவிட்டன. இன்றும் போனில் ஹலோ கிடையாது. “அப்பா, எங்க நிக்கிறீங்க? வந்து ஏத்தவா?” என்றுதான் தொடங்குவாள். ரெஜினா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

“இங்கதான் நிக்கிறன், வா” என்பேன் நானும் சிரித்துக்கொண்டு.

அவள் அதைப் பகிடி என்று நினைக்கிறாள்.