ஒரே பிரசவத்தில் நால்வர்

ரேஷன் இல்லாமல், க்யூ இல்லாமல், சிபாரிசு இல்லாமல் இந்தப் பூமியில் கிடைக்கும் ஒரே சரக்கு அபிப்பிராயம்தான். அதிலும் செங்கல்பட்டுப் பக்கத்து அபிப்பிராயத்துக்கு ஈடு இணை கிடையாது. ஏரி வற்றிய வருஷங்களில்கூட அது மூன்று போகம் விளைந்தது. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்காகப் பேனா பிடித்து ஓய்ந்தவன் என்ற முறையில் இதை நான் அதிகாரபூர்வமாகவே சொல்லலாம். எந்த ஆபீஸில் பிடித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

அபிப்பிராயங்கள் எல்லாம் ஒன்றுதிரண்டு ஒரு குடும்பத்தை எப்படி வாழவைத்தன என்பதை வருங்காலத்தார் அறிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குடும்பத் தலைவர் சடையன். மாமல்லபுரத்துக்கு வடக்கே நண்டுமேட்டுக் குப்பம். கட்டுமரம் ஒன்று, மனைவி ஒருத்தி, 1973 சித்திரை நிலவரப்படி பிள்ளைகள் எட்டு. மனைவி பெயர் வேண்டா. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிமேல் வேண்டாம் என்று கடவுளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க அவள் அப்பா வைத்த பெயர். கடவுள் ஆபீஸிலும் மனுக்களின் கதி நம் ஆபீஸில் உள்ளது போலத்தான். அடுத்ததும் பெண்.

நாடெங்கும் சுவர்களில் சிவப்பு முக்கோணம் மின்னிய காலம் அது. முக்கோணத்துக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டே குழந்தைகள். நால்வருக்கும் ஒரே மாதிரிப் பல், ஒரே மாதிரிச் சிரிப்பு. அந்தச் சுவரைக் கடந்து எட்டுப் பிள்ளைகளோடு ஒருத்தி நடந்தால் பொதுமக்கள் சும்மா இருப்பார்களா? இருந்தால் அவர்கள் பொதுமக்களா?

அந்தச் சித்திரையில் நானும் என் தர்மபத்தினி ஜெகதாம்பாளும் திருக்கழுக்குன்றம் மலைமேல் கழுகு பார்க்கப் போயிருந்தோம். வேண்டாவும் வந்திருந்தாள், எட்டு உருப்படிகளோடு. உச்சிவேளை. பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்திருந்தார். கழுகு வரத் தாமதமானதால் கூட்டம் வேண்டாவைப் பார்க்க ஆரம்பித்தது.

கையில் டிரான்சிஸ்டரோடு வந்திருந்த கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் தலைமையுரை ஆற்றினார். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் சார் பஸ்ல எடம் கிடைக்கிறதில்ல."

"அரிசியும்" என்றது ஒரு குரல்.

"மழையும்" என்றார் திருப்போரூர் மளிகைக்கடைக்காரர். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அபிப்பிராயத்துக்கு ஆதாரம் கேட்பது அநாகரிகம்.

அந்த நேரம் பார்த்து வானத்தில் கழுகுகள் வந்தன. கூடுவாஞ்சேரிக்காரர் துள்ளினார். "பாத்தியாம்மா? கழுகுகூட ரெண்டே ரெண்டுதான் வருது! அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலியே!"

வேண்டா இடுப்புக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டு தாண்ணாத்த. ஆனா அந்த ரெண்டுக்கும் சோறு ஊட்ட மலமேல ஒரு ஆளு குந்திகினுகீறாரு பாரு. எம் பசங்க எட்டும் அதுங்களா துண்ணும்."

ஜெகதாம்பாள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நான் அரசாங்க ஊழியன். எனக்குள் வேறொரு எண்ணம் பளிச்சிட்டிருந்தது: இவள் புருஷன் ஒரு 'கேஸ்'!

அந்தப் புனிதச் சொல்லை விளக்கிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்து அரசாங்க ஊழியன் ஒவ்வொருவனும் குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு ஓர் ஆளை அழைத்துவர வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு. அந்த ஆள்தான் கேஸ். கேஸ் இல்லாதவனுக்கு இன்கிரிமென்ட் இல்லை. ஆகவே சடையன் மேல் எனக்கு மட்டும் அல்ல, குப்பத்துப் பள்ளித் தலைமையாசிரியர் ஏசுபாதத்துக்கும், சுகாதார ஆய்வாளர் தாமோதரனுக்கும் அதே சமயத்தில் அன்பு பெருக்கெடுத்தது.

மாமல்லபுரத்தில் ஒரு சத்திரத்தில் முகாம். சடையன் தானாகவே வந்தான். "எட்டு போதும் சார். வேண்டாவும் போதும்னுட்டா. எங்க குந்தணும்?"

மூன்று மேஜைகள். மூன்றிலும் நாங்கள்.

"இங்க ஒரு ரேகை வை."

"இங்கயும் ஒண்ணு வை."

"அப்படியே இங்கயும் வச்சிடு, கையோட கை."

"ஒரு மன்சனுக்கு மூணு தபா அறுப்பாங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே வைத்தான். அந்தச் சமயம் வாசலில் அவன் மச்சான் மாரியின் கூச்சல்: "மச்சான்! நெத்திலி வந்துட்ச்சு! கர முச்சூடும் நெத்திலி! வா வா!"

சடையன் வேட்டியை மடித்துக் கட்டியதுதான் தெரியும். டாக்டர் சாயங்காலம் கட்டோடு கட்டாகக் கையெழுத்துப் போட்டார். இவ்வாறாக, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரே நாளில் மூன்று முறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர் என்ற பெருமை நண்டுமேட்டுக் குப்பத்துக்குக் கிடைத்தது. கேஸுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி என்பது திட்டம். சடையனுக்கு ஒரு வாளி போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டைப் பற்றி விசாரிக்க வேண்டாம். எங்கள் வீட்டு வாளி இன்னும் ஒழுகவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்த வருஷ முகாமுக்கு சடையன் மறுபடி வந்தான். "அன்னிக்கி வுட்டுப்போச்சி சார். இன்னிக்கி கடல்ல ஒண்ணும் இல்ல. அறுத்துடு."

தாமோதரன் அவனை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அடேய், ரிக்கார்டுல உனக்கு மூணு தடவ ஆயிடுச்சி. நாலாவது தடவ வந்தா மூணும் பொய்னு தெரிஞ்சிடும். எங்க வயித்துல அடிக்காத. போ."

"அப்ப புள்ள பொறந்தா?"

"பொறக்காது. சர்டிபிகேட் இருக்கு."

சர்டிபிகேட்டை மதிக்காமல் பூவாயி பிறந்தாள். இரண்டு வருஷம் கழித்து சீனு. 1977-ல் பாப்பா. மொத்தம் பதினொன்று. பொதுமக்கள் கொதித்தார்கள். "ஆபரேஷன் பண்ணிக்கப் பயம், பெத்துக்க மட்டும் பயமில்ல" என்று தேநீர்க் கடையில் முதலில் சொன்னவர் தாமோதரன். ஆமோதித்தவன் நான்.

பாப்பாவுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது வேண்டாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். குழந்தை என் பேனாவையே பார்த்தது. நல்ல குழந்தை. எடைதான் ஒன்றும் இல்லை.

"பால்வாடில பால் பவுடர் குடுக்கறாங்க சார். கார்டுல பேரு கீதான்னு ஆயா கேக்குது. கார்டு எட்டாவது முனிசாமியோட நின்னுபோச்சி. பூவாயி, சீனு, பாப்பா, மூணு பேரையும் ஏத்திக் குடு சார். இவளுக்குப் பால் இல்லாம கஞ்சித்தண்ணி ஊத்திகினுகீறேன்."

நியாயமான மனு. நான் ரிக்கார்டுக் கட்டை அவிழ்த்தேன். கட்டுக்குள் இருந்து என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது. 1973-ல் சடையனுக்கு ஆபரேஷன். ஆகவே அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் பிறக்கவில்லை.

"அம்மா, இந்த மூணு குழந்தைகளும் ரிக்கார்டுப்படி இல்லை."

"இல்லியா? இதோ கீதே சார். மூக்கு ஒழுகிகினு கீது."

பக்கத்து மேஜையில் ஓர் இளைய குமாஸ்தா மெல்லச் சிரித்தான். "புருஷனுக்கு ஆபரேஷன் ஆயி அஞ்சு வருஷம். அதுக்கப்புறம் மூணு குழந்தை. அப்படின்னா..."

ஆபீஸ் முழுவதும் பேனாவைக் கீழே வைத்தது. பத்து வருஷத்தில் அத்தனை ஒற்றுமையை அங்கே நான் கண்டதில்லை.

வேண்டா அவன் மேஜைக்குப் போனாள். "இன்னா அப்டின்னா? முட்சி சொல்லு நைனா. ஒண்ணு உங்க காயிதம் பொய்யி, இல்லாங்காட்டி நான் பொய்யி. எதுன்னு இப்பவே எழுது. எழுதனத எடுத்துகினு குப்பத்துக்கு வா. நடுத்தெருவுல நின்னு படி. எம் புருசன் கேக்கட்டும்."

குமாஸ்தா எழுதவில்லை. அவனுக்குத் திடீரென்று தாகம் எடுத்து வெளியே போய்விட்டான்.

அன்று மாலையே தேநீர்க் கடையில் எங்கள் மூவரின் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது.

"ஆபரேஷன் தோல்வினு எழுதிடலாமே. லட்சத்துல ஒண்ணு அப்படி ஆகறதுண்டு" என்றார் தாமோதரன்.

"மூணுமா?" என்றார் ஏசுபாதம்.

தேநீர் ஆறியது. ஏசுபாதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உண்மையை எழுதிட்டா என்ன?" என்றார். அந்தத் தீர்மானத்தை வழிமொழிய ஆளில்லை. முன்மொழிந்தவரே தம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் என் மூளையில் அந்த ஒளி உதித்தது. குழந்தைகள் ஆபரேஷனுக்குப் பிறகு பிறந்ததுதானே சிக்கல்? முன்னால் பிறந்துவிட்டால்? எட்டாவது பையன் முனிசாமி 1972 தை மாதம் பிறந்தவன். அந்தத் தை மாதத்தில் இன்னும் இடம் இருந்தது. தாமோதரன் சான்று தந்தார். நான் பதிந்தேன். ஏசுபாதம் சாட்சி. முனிசாமி, பூவாயி, சீனு, பாப்பா: ஒரே பிரசவத்தில் நால்வர்!

வேண்டாவிடம் கார்டைக் கொடுத்தேன்.

"நாலும் ஒண்ணாவா பொறந்துதுங்க? எனக்கே தெரியாதே சார்."

"உனக்கு எதுக்கும்மா தெரியணும்? ரிஜிஸ்தருக்குத் தெரிஞ்சா போதும்."

"பேரு ஏறிட்ச்சா?"

"ஏறிடுச்சி."

பாப்பாவைத் தரையில் விட்டுவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. ஒரு கையெழுத்தில் ஒரு பெண்ணின் மானத்தையும் மூன்று ஊழியர்களின் உத்தியோகத்தையும் காப்பாற்றியவன் இந்தத் தாலுகாவில் வேறு யார்?

மறுநாள் பால்வாடி ஆயா ஆதியம்மாள் கார்டை வாங்கிப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"ஆறு வயசுன்னு போட்டுக்கீது. அஞ்சுக்கு மேல பால் கெடையாது வேண்டா. இஸ்கூல்ல சேத்துடு. மத்தியானம் கோதுமச் சோறு போடுவாங்க."

"இதுக்குப் பல்லே ரெண்டுதான கீது!"

"அத்த நான் இன்னா பண்ண? கார்டுல பல்லப் பத்தி ஒண்ணும் எழுதலியே."

ஏசுபாதம் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்து தவித்துக்கொண்டிருந்தார். நால்வரையும் ஒன்றாம் வகுப்பில் உடனே சேர்த்துவிட்டார். வருகைப் பதிவேட்டின்படி பாப்பா ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. நடக்கவே தெரியாத குழந்தை நாள் தவறாமல் பள்ளிக்குப் போவது நம் கல்வித்துறையின் மகத்தான சாதனை அல்லவா?

வேண்டா நான்கு தடவை என்னிடம் வந்தாள். "வயச மட்டும் மாத்திக் குடு சார். புள்ள எளச்சிகினே போது."

"திருத்தியதை மறுபடி திருத்த விதியில் இடமில்லையம்மா" என்று நான்கு தடவையும் சொன்னேன். வெறுங்கையோடு அனுப்பவில்லை. அதிகமாகப் பெற்றுக்கொள்வதால் வரும் தீமைகள் பற்றி ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் எடுத்துச் சொல்லி அனுப்பினேன். இலவசம்.

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஊட்டச்சத்து ஆய்வுக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. தராசு, டேப், கேமரா, கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. உள்ளூர் அதிகாரிகள் என்று நாங்கள் மூவரும் சலவைச் சட்டையில் நின்றோம். வேண்டா மீன் கூடையோடு திருப்போரூர்ச் சந்தைக்குப் போயிருந்த நேரம். மூத்த பெண் நால்வரையும் கொண்டுவந்து நிறுத்தினாள். முனிசாமி பதினாறு கிலோ. பூவாயி பன்னிரண்டு. சீனு ஒன்பது. பாப்பா ஐந்தரை.

டாக்டரம்மாவின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "ஒரே பிரசவத்துல பிறந்தவங்களா? ஒரே வயசா? எப்படி இவ்வளவு வித்தியாசம்?" என் பக்கம் திரும்பினார். "சார், வயசு சரிதானே?"

கடல் இரைந்துகொண்டிருந்தது. தாமோதரன் கடலைப் பார்த்தார். ஏசுபாதம் வானத்தைப் பார்த்தார். எனக்குப் பார்க்க வேறு திசை மிச்சமில்லை. பாப்பாவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ரிக்கார்டு அப்படித்தான் சொல்லுது மேடம்" என்றேன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா குறித்துக்கொண்டார்: நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு ஊட்டி, மற்ற மூன்றையும் படிப்படியாகப் பட்டினி போட்டிருக்கிறார்கள். கேமரா பாப்பாவைப் படம் பிடித்தது.

அந்தப் படம் மாமல்லபுரம் பஸ் நிலையச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டது. நான் சைதாப்பேட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். போஸ்டரைச் சுற்றிப் பெருங்கூட்டம். "ச்சே, பெத்தவங்களா இவங்க!" என்றார் ஒருவர். "ஜெயில்ல போடணும்" என்றார் இன்னொருவர். "மொதல்ல போடணும், அப்புறந்தான் விசாரிக்கணும்" என்றார் மூன்றாமவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேண்டா வந்தாள். மீன் கூடை தலையில், பாப்பா இடுப்பில். சுவரில் இருந்த பாப்பா கொஞ்சம் பெரியவளாகத் தெரிந்தாள்.

"எம் புள்ள படம் போட்டுக்கீது. இன்னா சார் எழுதிகீறாங்க? படி."

எனக்குக் கண்ணாடி மறந்துபோயிற்று என்றேன். மூக்கின் மேல் இருந்தது. படித்தேன்.

"'இக்குழந்தையின் வயது ஆறு. எடை ஐந்தரை கிலோ. இதற்குக் காரணம் பெற்றோரே.'"

"பெத்தவங்கதானா? வேற யாரும் இல்லியா?"

"அப்படித்தான் போட்டிருக்கும்மா."

வேண்டா கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். பாப்பாவைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நான் பெத்தப்ப இவ பச்சப்புள்ள சார். ஆறு வயசாப் பெத்தது நீதான? அப்ப உங்க மூணு பேரு பேரையும் அதுல எழுதச் சொல்லு. சொல்லிட்டு இந்தா, புடி. இவளுக்குப் பால் ஊத்து."