ஏச்சு இல்லாத மெஸ்

கழக்கூட்டம்,
12.8.2004

மரியாதைக்குரிய லிங்கராஜ் மச்சானுக்கு, பூதலிங்கம் கைகூப்பி எழுதுவது. வடசேரியில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். பதினாறு நாளாக அங்கே கோபித்துக்கொண்டு வந்து தங்கியிருக்கும் உங்கள் தங்கை முத்தாரம்மாளும் சுகமாகத்தான் இருப்பாள், அதில் சந்தேகமில்லை. சுகமில்லாதது இங்கே நானும் நம் மெஸ்ஸும்தான்.

நடந்ததை முத்தாரம்மாள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள்; நான் நடந்த மாதிரியே சொல்கிறேன். எம்.பி.ஏ. படிக்கும் எங்கள் மகள், உங்கள் மருமகள் அனுஷா லீவுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்கக்கூடாதா? "அப்பா, வியாபாரம்னா மார்க்கெட் என்ன கேக்குதோ அதைத்தான் கொடுக்கணும், கேட்டோ" என்று ஒரு காகிதம் அச்சடித்து, சாப்பிட வரும் ஐ.டி. பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். 'இந்த மெஸ்ஸில் உங்களுக்குப் பிடிக்காதது எது?' நாற்பத்தேழு பேரில் நாற்பத்தொரு பேர் ஒரே பதில்: சேச்சியின் ஏச்சு. சேச்சி என்று அவர்கள் கூப்பிடுவது உங்கள் தங்கையைத்தான். சமையல் நான், பரிமாறுவது அவள், அவள் பரிமாறும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா, உங்கள் வீட்டில்தானே பழகினாள்! "லேய், பாவக்காய ஓரமா ஒதுக்குதியே, ஒங்க அம்மைக்கு போனு போடட்டுமா?" என்பாள். வெறும் மிரட்டல் இல்லை மச்சான். கொட்டாரக்கரை முதல் தூத்துக்குடி வரை அத்தனை அம்மைமார் நம்பரும் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள், போட்டும் விடுவாள். மார்க்கெட் சொல்லியாச்சே என்று நான், புத்தி கெட்டவன், "இனிமே வாயைத் தொறக்காம சிரிச்சுக்கிட்டே பரிமாறு" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து முதல் பந்தியிலேயே மூன்று பேர் சாம்பாருக்கு நிற்காமல் எழுந்து போனார்கள். சாயங்காலம் காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு சரசம்மாவைப் பரிமாற வைத்தேன். தங்கமான குணம். "மோனே, கொறச்சு சோறு?" என்பாள், "வேண்டா" என்றால் போய்விடுவாள். ஒருத்தனும் மறுசோறு வாங்குவதில்லை, அப்புறம் ஒருத்தனும் வருவதில்லை. காகிதத்தில் பக்கம் முழுக்கக் குறை எழுதின ஷிஜு என்கிற பையனே நேற்று வந்து, "சேட்டா, சேச்சி எவிடே? மூணு நாளா காய்ச்சல், ஏன் திங்கலைன்னு ஏச ஒராளில்ல" என்று கண் கலங்குகிறான். அடப்பாவி, நீதானேடா எழுதினாய்! சரி, நானே ஏசிப் பார்ப்போம் என்று இன்னொருவனிடம் "தின்னுலே" என்றேன். அவன் மேனேஜரைக் கூப்பிடு என்றான்.

அனுஷாவுக்கு போன் போட்டால், "அப்பா, அது போன செமஸ்டர். இந்த செமஸ்டர்ல வேற. மார்க்கெட்ட விடுங்க, மத்தவன் காப்பியடிக்க முடியாதது நம்ம கையில என்ன இருக்குன்னு பாருங்க" என்கிறாள். பார்த்தேன். கிரைண்டர் இருக்கிறது, எல்லாரிடமும் இருக்கிறது. என் அவியல் இருக்கிறது, அதைக் காப்பியடிக்க எவனும் ஆசைப்பட மாட்டான். மிச்சம் அந்த ஒரு வாய்தான், அது வடசேரியில் இருக்கிறது.

மச்சான், அவளை அனுப்பி வையுங்கள். கடைக்காக மட்டும் சொல்லவில்லை. பதினாறு நாளாக என்னை ஏச ஆளில்லாமல் எனக்கே சோறு இறங்கவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
பூதலிங்கம்

பி.கு.: இதைத் தபாலில் போடப் புறப்பட்டேன். ஐ.டி. பார்க் வாசலுக்கு எதிரே 'முத்தாரம்மாள் மெஸ்' என்று புதுப் பலகை. ரோடு வரைக்கும் வரிசை, உள்ளேயிருந்து ஏச்சு. கல்லாவில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தானே மச்சான்? மேலே எழுதியதெல்லாம் ரத்து. கதவில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருக்கிறீர்கள். சமையலுக்கு அவள் என்னைச் சேர்க்க மாட்டாள் என்று தெரியும், ஆகவே இக்கடிதத்தையே சப்ளையர் வேலைக்கான என் விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.