பதினோராவது மரம்

"என் வீட்டாண்ட இருந்த மரத்தையெல்லாம் வெட்டினு போயிட்டான்டா! ஒண்ணுகூட விடல!"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினார் சடையன். அவர் வீட்டருகே இருந்தது ஒரே ஒரு வேப்பமரம். அது நின்ற இடத்திலேயே நின்றது. அவர் சொன்னது கைப்பேசி விளையாட்டுத் தீவில் இருந்த மரங்களை.

அந்தத் தீவுக்குப் பொறுப்பாளன் அவர் மகன் ஹேமந்த். பழவேற்காடு கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்ப்பவன். சுற்றுவட்டாரக் குப்பங்களிலிருந்து நாற்பது பேர் அந்தத் தீவில் மரம் வெட்டி, வீடு கட்டி வாழ்ந்தார்கள். படகில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பாவையும் அவன்தான் அதில் சேர்த்துவிட்டான்.

"யாரு நைனா வெட்டினது?"

"வேற யாரு? பிரபாகரன்தான்!"

பிரபாகரன் முப்பது வருஷம் அப்பாவோடு ஒரே படகில் போனவர். தான் கொண்டுவந்த விளையாட்டால் அந்தச் சிநேகம் முறிந்தால், அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவது என்று பதறினான் ஹேமந்த்.

உடனே அவருக்குப் போன் போட்டான்.

"சித்தப்பா, 'தேவையான அளவு மட்டும் எடுக்கவும்'னு விதி போட்டிருக்கேனே?"

"தேவப்பட்டுது, எடுத்தேன்."

"நூத்தியிருபது மரமா?"

"தேவ எவ்ளோன்னு நீ எழுதலியே, கண்ணு."

நியாயம்தான். விதியைத் திருத்தினான்: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மரம்.

மறுநாள் மரங்கள் மறுபடி முளைத்தன. தீவில் புதிதாக நாலு பேரும் முளைத்திருந்தார்கள். பிரபாகரனின் மனைவி ஜமுனா, மருமகள்கள் இருவர், வெள்ளச்சி. ஆளுக்குப் பத்து வெட்டியாகிவிட்டது.

"வெள்ளச்சி யாரு சித்தப்பா?"

"எங்க ஆடு."

"ஆட்டுக்கு எதுக்கு மரம்?"

"இன்னா இப்டி கேக்கற? மத்தவங்களவிட அதுக்குத்தான் எல தழ வேணும்."

சடையன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வாசற்படி வரை வந்துவிட்டார். "டேய் பிரபாகரா! ஆட்டுப் பேர்ல வெட்றியே, வெக்கமா இல்ல?" அரை மணி நேரம் போன் சூடேறியது.

ஹேமந்த் மறுபடி திருத்தினான்: ஒரு வீட்டுக்குப் பத்து மரம்.

சாயங்காலத்துக்குள் பிரபாகரன் குடும்பம் பாகம் பிரிந்து ஐந்து வீடு கட்டிவிட்டது.

இந்த முறை சடையன் தெருமுனைக்கே போய்விட்டார். "ஆட்டு வீடு என் வீட்டவிடப் பெருசுடா! மாடி வேற வெச்சிக்கிறான்!"

குப்பமே வேடிக்கை பார்த்தது. ஹேமந்த் சாமி படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டான். வழி கிடைத்தது.

ஏரியில் வலை போடும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டை மீறியவனுக்கு அந்தக் கரையில் யாரும் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஹேமந்த் தீவுக்கும் சீட்டுக் குலுக்கினான். சடையன் வீட்டருகே இருந்த தோப்பில் ஒரு நாள் அவர், மறுநாள் பிரபாகரன். ஆளுக்குப் பத்து மரம், பதினோராவதைத் தொடக்கூடாது.

சண்டை நின்றது. வெள்ளச்சியும் கோடரியைக் கீழே வைத்துவிட்டது.

மூன்று நாள் பூரண அமைதி. சடையன் போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. சண்டை ஓய்ந்த அசதி என்று நினைத்த ஹேமந்த், ஆண்டவனுக்கு நன்றி சொன்னான்.

நாலாம் நாள் நண்டுக் குழம்போடு ஜமுனா வந்தாள். கட்டிலை ஒருதரம் பார்த்தாள். ஹேமந்தை வெளியே கூப்பிட்டாள்.

"நல்லா இருப்ப கண்ணு, அந்தப் பாட்ட எடுத்துடு. பாடுன்னு வெச்சப்புறம் மீற எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரல."

"இப்பதானே சித்தி நியாயமா நடக்குது? சித்தப்பாவுக்கு மரம் பத்தலியா?"

"மரத்த வெச்சிகினு அவரு இன்னா பண்ணப் போறாரு? அந்த வெளாட்டு அவருக்கு ஆடவே தெரியாது. தெனமும் விடிஞ்சதும் மருமகள எழுப்பி, 'சடையன் வீட்டாண்ட போய் வெட்டும்மா, அவன் எழுந்து உக்காந்து என்ன நாலு வார்த்த திட்டட்டும்'னுதான் சொல்வாரு."