ஒற்றை அறையில் தனி அறை

"நோவாளிய தனி அறையில வைங்க," என்று சொல்லிவிட்டு, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்த மருந்துக்காரர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். குருவிநத்தம் கலியபெருமாள் தன் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இருந்ததே ஒரு அறைதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் வீடு வீடாகப் புகுந்த புளூ ஜுரம் அவனையும் பிடித்துக்கொண்டது. தன்னைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு வனஜாவுக்கு இப்போதுதான் ஐந்து மாதம். தாய் வீட்டிலிருந்து போன வாரம்தான் திரும்பியிருந்தாள். அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிடக் கூடாதே என்பதுதான் கவலையெல்லாம்.

"அந்தாண்ட நீ, இந்தாண்ட நான்," என்று அறைக்கு நடுவே கீற்றுத் தட்டியைக் கட்டினான்.

கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, வாசல் அவன் பக்கம், அடுப்பு அவள் பக்கம்.

"நான் எப்டியா வெளிய போறது?" என்றாள் வனஜா.

"இரு, இரு." ஜுரத்தோடு பின்சுவரை இடித்து அவளுக்கு வழி வைத்தான். அந்த வழியாக வந்த காற்று அடுப்புப் புகையை மொத்தமாக அவன் பக்கம் தள்ளியது. ஒரே இருமல். இருமல் தட்டியைத் தாண்டிவிடுமே என்று பயந்து, பசுவை வீட்டுக்குள் கட்டிவிட்டு, தான் மாட்டுக் கொட்டாயில் போய்ப் படுத்தான்.

"மாட்டுக்கு வூடு, உனுக்குக் கொட்டாயா?" என்று தெருவே சிரித்தது.

பசு முதுகைச் சொறிந்துகொள்ள உரசியதில் தட்டி சாய்ந்தது. சாய்ந்த தட்டி தண்ணீர்ப் பானையை உடைத்தது.

"வனஜா! இன்னா ஆச்சு?"

"பானைதான்யா."

"பானை போனா போவுது. கஞ்சி குடிச்சியா? ஒடம்பு சுடுதா?"

"இல்லயா."

மூன்று பொழுதும் இதையே கேட்டான். ஆறு வருஷமாக மனைவியிடம் இப்படியெல்லாம் கேட்டதில்லை. மனசு நிறைய ஆசை உண்டு, வாய்தான் வராது, பாவம்.

நான்காம் நாள் ஜுரம் விட்டது. எட்டிப்பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தனக்கொடியிடம், "வூட்ட இடிச்சாலும் அவளுக்கு வராத காப்பாத்திட்டேங்கா," என்று பூரித்துப் போனான்.

"நீ இன்னாத்த காப்பாத்துன? அவளுக்குத் தாய் வூட்லயே வந்து போயிடுச்சி, உனுக்கே அவகிட்டேருந்துதான் வந்துது. சொன்னா நீ 'கஞ்சி குடிச்சியா'ன்னு கேக்கறத நிறுத்திடுவியாம், வாயத் தொறக்காதக்கான்னு என் கையப் புடிச்சிக்கினு கெஞ்சினா!"