காலையில் சீமாட்டி, மாலையில் விதவை

தாஞ்சியர் நகரத்தின் நட்டநடுவில் ஒரு சூதாட்ட விடுதி இருக்கிறது. அதற்கு நேர் எதிரே ஒரு தேநீர்க் கடை. விடுதிக்குள் சக்கரம் சுற்றும். கடைக்குள் மூலாய் கபூர் உட்கார்ந்திருப்பார். எங்கே கூட்டம் அதிகம் என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், கடையில்தான்.

பொழுது சாய்ந்தால் போதும். மீன் ஏலக்காரர், துறைமுகச் சுமைகூலி, பல் வைத்தியர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் (ஆமாம், கணக்கு வாத்தியார்தான்) எல்லோரும் புதினாத் தேநீரை ஆறவிட்டுவிட்டு அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். மூலாய் நெற்றியைத் தொடுவார், கண்ணை மூடுவார், சாம்பிராணிப் புகையை முகத்தில் ஊதுவார். தைத்து மூடிய சின்னத் தோல் பை ஒன்றைப் பச்சைக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டுவார். பிறகு எந்த மேசை, எந்தச் சுற்று என்று சொல்லி, காதோடு காதாக ஒரு நிறம் சொல்வார். சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. பந்து அந்த நிறத்துக் குழியில் விழுந்தே தீருமாம்.

மூலாய் என்றால் புனிதப் பரம்பரையில் பிறந்த ஆண்டகை என்று அர்த்தம். எந்தப் பரம்பரை, யார் போய்ப் பார்த்தது? போன வருஷம் வரைக்கும் ஆள் பேருந்து நிலையத்தில் எலி மருந்து விற்றுக்கொண்டிருந்தார் என்றும், எலிகள் சாகவில்லை என்று சண்டை வந்ததால் தொழிலை மாற்றிக்கொண்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்களும் கையில் பச்சைக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

காணிக்கை இரண்டு வகை. அதிர்ஷ்டத்தின் கதவைத் திறப்பதற்கு முன்னதாகவே வைக்க வேண்டியது ஒன்று. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்பது இன்னொன்று. தோற்றால்? தோற்றவனிடம் மூலாய் ஒரு காசு கேட்க மாட்டார், அத்தனை பெருந்தன்மை. தப்பை ஒப்புக்கொண்டால் போதும். இடது காலை முன்னே வைத்தாயா, வாசலில் பூனையைப் பார்த்தாயா, மனசுக்குள் ஒரு துளி சந்தேகம் இருந்ததா? துளி சந்தேகம் எவனுக்குத்தான் இருக்காது. "கொஞ்சம் இருந்துச்சு மூலாய்" என்று தலையைச் சொறிவான். வழக்கு அத்தோடு முடிந்தது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பையைப் பிரிக்கக் கூடாது, நிறத்தை வெளியே சொல்லக் கூடாது, அடுத்த பச்சைக் கயிற்றுக்காரன் எதில் வைக்கிறான் என்று பார்க்கவே கூடாது. கண்பட்டால் பலன் பறந்துவிடும். இந்தக் காவல்கூடத் தேவையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டுச் சூதாட வந்தவன், ஏமாந்துபோனேன் என்று யாரிடம் போய் அழுவான்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். மூலாய் மட்டும் விடுதிப் படியை மிதிக்க மாட்டார், அது பாவம் நடக்கிற இடம். பாவத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியே நடந்து வந்தால் வாங்கிக்கொள்வார். விடுதிக்காரரும் அவரை விரட்டவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவனை எந்தக் கம்பளிக்காரன் விரட்டுவான்?

அந்த ஆடுகளில் ஒன்று பஹீஜாவின் கணவன் அயாஷி. சந்தையில் ஆலிவும் ஊறுகாயும் விற்கிறவன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன்.

பஹீஜா மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவள். இந்த ஊர்க் கல்யாணத்தில் பெண் ஒரே நாளில் ஏழு உடை மாற்றி ஏழு தடவை சபைக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் இது அதே பெண்தானா என்று சம்பந்தி வீட்டார் வாயைப் பிளக்க வேண்டும். அந்த வித்தையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. உடைகளெல்லாம் யாரிடமும் கிடைக்கும். ஆனால் அவளிடம் ஒரு தங்க ஒட்டியாணம் இருந்தது. அதை ஒரு நாள் வாடகைக்குக் கட்டிப் பார்க்கத்தான் பெண்வீட்டார் அவள் கதவைத் தட்டினார்கள். அது போனால் தொழில் போயிற்று.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் அயாஷி அந்த ஒட்டியாணத்தைக் கேட்டான்.

"வியாழக்கெழமை பெரிய நாளாம், மூலாய் சொல்லிட்டார். ஒட்டியாணத்தை வித்து அவர் சொல்ற நெறத்துல வச்சா அப்படியே ரெட்டிப்பாத் திரும்பி வந்துரும். வேற புதுசு வாங்கிக்கலாம், கையிலயும் மிஞ்சும்."

பஹீஜா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "இதுவரைக்கும் அவர் சொன்னது எத்தனை தடவை பலிச்சுது?"

"ரெண்டு தடவை."

"பலிக்காதது?"

"அது இருக்கும், அஞ்சாறு. ஆனா அதெல்லாம் என் தப்பு. ஒரு நாள் எடது கால வச்சுட்டேன். ஒரு நாள் பூனை."

"பலிச்சா அவர் மகிமை, பலிக்கலைன்னா உங்க பூனை. பங்கு நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்க."

கத்தத்தான் தோன்றியது. இருந்தும் கத்தவில்லை. கத்தினால் இந்த மனிதர் வாயை மூடிக்கொள்வார், தான் கல்யாண வீட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறப்பார் என்பது அவளுக்குத் தெரியும். சரி, தருகிறேன் என்றாள். ஆனால் ஒட்டியாணத்தைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் கூடவே வருவேன் என்றாள். முதல் சுற்றில் சின்னதாக வைத்துப் பார்ப்பேன், மூலாயின் வாக்கு உண்மை என்று மனசுக்குப் பட்டால் பக்கத்துத் தட்டார் கடையில் என் கையாலேயே கழற்றித் தருகிறேன் என்றாள். அயாஷிக்குத் தலைகால் புரியவில்லை. மூலாயின் அருளால் மனைவிக்கும் புத்தி வந்துவிட்டதாக அவன் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தேநீர்க் கடைக்கு ஒரு சீமாட்டி வந்தாள். சரிகை அங்கி, பன்னீர் வாசனை, கண்ணை மட்டும் விட்டு மூடிய முகத்திரை, விரல் கொள்ளாத மோதிரங்கள். எல்லாம் பஹீஜாவின் வாடகைச் சரக்கு, உள்ளே இருந்ததும் பஹீஜாதான். வியாழக்கிழமை மாலை, வாசலை ஒட்டிய மேசை, முதல் சுற்று, தனக்கு அதுதான் தோது என்று குழைந்த குரலில் சொன்னாள். மூலாய் மோதிரங்களை ஒரு பார்வை பார்த்தார். உடனே ஞானம் பொங்கிவிட்டது. அம்மணி என்கிற மரியாதையோடு "லல்லா" என்று ஆரம்பித்தார்.

"லல்லா, உங்க வீட்டுக்காரர் கடல் கடந்து யாவாரத்துக்குப் போயிருக்கார். நாத்தனார் ஒருத்தி உங்க மேல கண்ணு வச்சிருக்கா. கவலைப்படாதீங்க, நான் அடைச்சுடறேன்." பையைக் கட்டி, காதில் சொன்னார்: சிவப்பு.

அன்று சாயங்காலம் மலைநாட்டிலிருந்து ஓர் ஏழை வந்தாள். இடுப்பில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி, தலையில் குஞ்சம் தொங்கும் ஓலைத் தொப்பி, முகத்தில் கந்தல், கையில் ஒரு கூடை ஆட்டுப் பாலாடைக்கட்டி. கரகரத்த குரலில் அதே வியாழக்கிழமையை, அதே மேசையை, அதே முதல் சுற்றைக் கேட்டாள். மூலாய் கூடையைப் பார்த்தார். மறுபடியும் ஞானம்.

"உன் புருசன் செத்து வருசம் மூணாச்சு. கொழுந்தன் நெலத்தைப் புடுங்கிட்டான். அழாத." காதில் சொன்னார்: கறுப்பு. பாலாடைக்கட்டியையும் கூடையோடு எடுத்து வைத்துக்கொண்டார்.

காலையில் கப்பலேறின கணவன் சாயங்காலத்துக்குள் செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் அயாஷி சந்தையில் ஆலிவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை உருளப்போகிற பந்தைச் செவ்வாய்க்கிழமையே பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அரை முழத் துணிக்குப் பின்னால் இருப்பது காலையில் வந்த அதே மூக்கு என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை பஹீஜா ஒட்டியாணம் உள்ளே இருக்க, மேலே தன் சொந்த அங்கியைப் போட்டுக்கொண்டு, முகத்தை மூடாமல் கணவனோடு விடுதிக்குள் போனாள். கையில் ஒரு துணிப்பை. அயாஷி வாசலில் நின்று வலது காலை இரண்டு தடவை சரிபார்த்து வைத்தான்.

உள்ளே ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. கம்பளம் கணுக்கால் வரை புதைந்தது. விளக்குகளைப் பார்த்தபோது, இத்தனைக்கும் எண்ணெய் ஊற்றுகிறவன் யார் என்று அவளுக்குத் தோன்றியது. பதில் வாசலை ஒட்டிய மேசையைச் சுற்றியே நின்றது. பச்சைக் கயிறுகள் சட்டைக் கைக்குள் ஒளிந்திருந்தன. பல் வைத்தியர் சுமைகூலியைப் பார்க்கவில்லை, சுமைகூலி பல் வைத்தியரைப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார் தூணுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினார்.

பஹீஜா காசுக்குப் பதிலாக வைக்கிற சில்லுகளில் இருப்பதிலேயே மலிவானது இரண்டு வாங்கி, ஒன்றைச் சிவப்பிலும் ஒன்றைக் கறுப்பிலும் வைத்தாள். சக்கரம் சுற்றுகிறவன் நல்ல பிள்ளை. "ஒரு பக்கம் வர்றது மறு பக்கம் போயிருமே லல்லா" என்றான்.

"நானா வைக்கலப்பா. ரெண்டு பொம்பளைங்களுக்கு மூலாய் சொன்னது. அவங்களுக்காக வைக்கிறேன்."

முதல் சுற்றுக்குப் பந்து ஓடியது. சக்கரத்தில் சிவப்பும் கறுப்பும் சரிபாதி. நடுவே ஒரே ஒரு பச்சைக் குழி உண்டு. அதில் விழுந்தால் சிவப்புக்காரனும் கறுப்புக்காரனும் கட்டிப்பிடித்து அழ வேண்டியதுதான். மூலாய் யார் காதிலும் பச்சை என்று சொன்னதில்லை. அன்றைக்குப் பந்து கறுப்பில் விழுந்தது.

அயாஷியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, கறுப்பு பலிச்சிருச்சு."

"சிவப்பு?"

"அந்தப் பொம்பள எடது கால வச்சிருப்பா."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். இங்கே கேட்கிறவனே கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றான். "வாங்க, அவரையே கேட்ருவோம்" என்று பஹீஜா அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கடையில் மூலாய் தினசரிக் கச்சேரியைத் தொடங்கியிருந்தார். ஜெயித்தவர்கள் கையை முத்தமிட்டுப் பங்கை வைத்தார்கள். தோற்றவர்கள் பூனைகளை ஒப்புக்கொண்டார்கள். பஹீஜா நேராகப் போய் எதிரே நின்று, தனக்குத் தெரிந்த இரண்டு பெண்களுக்காகக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னாள். ஒருத்தி சீமாட்டி, ஒருத்தி மலைநாட்டு ஏழை. ஒரே மேசை, ஒரே சுற்று. ஒருத்திக்குச் சிவப்பு, ஒருத்திக்குக் கறுப்பு. ஒரே பந்து எப்படி இரண்டு குழியில் விழும்?

கூட்டம் காதைத் தீட்டியது. மூலாய் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பழக்கம் தெரிந்தது.

"ஒவ்வொருத்தர் நட்சத்திரம் ஒவ்வொரு மாதிரி. அவளுக்கு எழுதினது வேற, இவளுக்கு எழுதினது வேற. சீமாட்டி மனசுல சந்தேகம், பலன் போச்சு."

"ரெண்டு பேரு நட்சத்திரத்தையும் நீங்க பாத்தீங்களா?"

"கண்ணாடியில பாக்கிற மாதிரி."

"புருசன்மாரையும்?"

"ஒருத்தன் கடல்ல இருக்கான். ஒருத்தன் செத்துட்டான்."

பஹீஜா அயாஷியை முன்னால் தள்ளினாள். "இவர்தான் கடல்ல இருக்கிறவர். செத்துப்போனதும் இவரேதான்."

துணிப்பையிலிருந்து குஞ்சம் வைத்த ஓலைத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். கந்தலை முகத்தில் பிடித்துக் கரகரத்த குரலில், பாலாடைக்கட்டி ருசியாக இருந்ததா என்று கேட்டாள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, சரிகைத் திரையை எடுத்துப் பிடித்து, நாத்தனாரை அடைத்தாயிற்றா என்று குழைந்தாள். இரண்டு தோல் பைகளையும் தட்டில் போட்டாள்.

"ரெண்டும் நான்தான். எனக்கு எத்தனை நட்சத்திரம்?"

முதலில் வாயைத் திறந்தது சுமைகூலி. தனக்கு இன்றைக்குச் சொன்னது கறுப்பு, வாசலை ஒட்டிய அதே மேசை, முதல் சுற்று என்றான். பல் வைத்தியர் எச்சிலை விழுங்கினார். அவருக்கும் அதே மேசை, அதே சுற்று, சொன்னது சிவப்பு. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். வாயைத் திறந்தால் பலன் போகும் என்று மூலாய் சொன்னது மட்டும் சத்தியம். போயே போய்விட்டது. கணக்கு வாத்தியார் மெல்லிய குரலில், பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது என்றால் யாராவது ஜெயித்துத்தானே ஆகவேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். இதைக் கண்டுபிடிக்க இத்தனை மாசமா என்று மீன் ஏலக்காரர் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவன் தன் பையைப் பல்லால் கிழித்தான். உள்ளே ஒரு பழைய பேருந்துச் சீட்டு இருந்தது.

ஜின் ஒன்று தன்னை ஏமாற்றிவிட்டதாக மூலாய் புலம்பிப் பார்த்தார். எடுபடவில்லை என்று தெரிந்ததும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பும் காணிக்கைப் பெட்டியும் கடையிலேயே நின்றுவிட்டன. பெட்டிக்கு அடிதடி நடந்தது, செருப்பை யாரும் சீந்தவில்லை.

அயாஷி தெருவோரக் கல்லில் போய் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"நேத்து உன் பெட்டிச் சாவியத் தேடுனேன் பஹீஜா."

"தெரியும். அதனாலதான் ராத்திரி தூங்கும்போதும் ஒட்டியாணத்தைக் கழட்டல."

அவனுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதருக்குப் பயந்து, மூன்று நாளாகத் தங்கம் இடுப்பை அறுக்கத் தூங்கியவளுக்கு அது சின்ன ஆறுதலாகத்தான் இருந்தது. வலி அத்தனை சீக்கிரம் போகாது.

அப்போது யாரோ அவள் அங்கியை மரியாதையாகத் தொட்டார்கள். திரும்பினாள். பல் வைத்தியர். பின்னால் நாலைந்து பேர், கையில் இன்னும் பச்சைக் கயிறு.

"லல்லா, இவ்வளவு பெரிய கள்ளனக் கண்டுபிடிச்சிட்டீங்க. உங்ககிட்ட ஏதோ சக்தி இருக்கு. அடுத்த வியாழக்கெழமைக்கு ஒரு நெறம் சொல்லுங்களேன். காணிக்கை என்னன்னாலும் சரி."

பஹீஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விளக்குகள் ஜொலிக்கிற விடுதியைக் கையால் காட்டினாள்.

"இவன் மூணுல ஒண்ணுதான் கேட்டான், புடிபட்டதும் ஓடிட்டான். அது மொத்தத்தையும் கேக்கும், ஓடவும் ஓடாது. அதுக்கு யாரு வெளக்கு ஏத்துறாங்கன்னு வீட்ல போய் யோசிங்க. காணிக்கை வேண்டாம்."

பல் வைத்தியர் ஏமாற்றத்தோடு நகர்ந்தார். காணிக்கை வாங்காத வாக்கு பலிக்காது என்று அவருக்கு நம்பிக்கை. யோசிப்பதற்கு இந்த ஊரில் யாரும் கட்டணம் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அதை வாங்க மட்டும் வரிசையில் ஒருவரும் நிற்பதில்லை.