கொய்யா மரத்துப் பெட்டியும் ஒன்பதாம் விதியும்

ஒரு காட்டில், ஆற்றைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் வரும் குடியிருப்பில், தாண்டவராயன் என்ற கரடி தன் மனைவி செண்பகவல்லியோடு வாழ்ந்து வந்தார். நீர்க்குட்டைப் பங்கீட்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த விலங்கு எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று டோக்கன் கொடுப்பது அவர் வேலை. ஒருமுறை புலி துரத்த, ஒரு மான் தலைதெறிக்க ஓடிவந்து குட்டைக்குள் நுழையப் பார்த்தது. "டோக்கன் எங்கே?" என்றார். மான் நின்றுவிட்டது. பின்னால் வந்த புலியிடமும் அதையே கேட்டார். இரண்டிடமும் இல்லை. இரண்டையும் வரிசையில் நிற்க வைத்தார். புலி படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் மான் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து விதி என்றால் தாண்டவராயனுக்கு உயிர்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. காலைக் காப்பிக்கு வீட்டில் டோக்கன் முறை கொண்டுவந்தார். மூன்றாம் நாள் செண்பகவல்லி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னங்க, தோட்டம் இவ்வளவு பெரிசா கிடக்கு. அங்க போய் ஏதாவது பண்ணுங்க. என் சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க."

தோட்டத்துக்குப் போனவர் பறவை பார்க்க ஆரம்பித்தார். அப்படித்தான் அவர் 'இறகு ரசிகர்கள்' என்ற வாட்ஸப் குழுவில் சேர்ந்தார். பறவை பார்க்கும் ஆசையுள்ள எழுபது விலங்குகள் அதில் இருந்தன. குழுவை நடத்தியவர் குரங்கு மார்க்கண்டன். சேர்ந்த அன்றே பதினான்கு விதிகள் அடங்கிய கையேடு ஒன்று வந்தது. தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. விதிகளைப் பார்த்து எத்தனை நாளாகிறது!

முதல் விதி: கூட்டிலிருந்து இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். ஒன்பதாம் விதி: இயற்கையின் போக்கில் தலையிடக் கூடாது. மற்ற பன்னிரண்டும் இந்த இரண்டையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லின.

பறவைகள் கூடு வைக்கப் பழைய பலகையில் ஒரு பெட்டி செய்தார். வட்டமாக ஒரு வாசல் வைத்து, உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா பொருத்தி, கொய்யா மரத்தில் எட்டு அடி உயரத்தில் ஆணிகள் அடித்து மாட்டினார். மரத்திலிருந்து இருபது அடி அளந்து, செண்பகவல்லியின் கோலமாவால் தரையில் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மாதம் எறும்புதான் வந்தது.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு குண்டுகரிச்சான் ஜோடி வந்தது. ஆண் பறவையின் பெயர் இசைச்செல்வன். கறுப்பு வெள்ளை உடம்பு. வாலை நிமிர்த்திக்கொண்டே பேசுவான். பெண் பறவை மீனலோசனி பெட்டிக்குள் தலையை விட்டு நாலு மூலையையும் பார்த்தாள்.

"எதிர்க்கிளை பிரமாதமா இருக்கு மீனா. விடியற்காலைல உட்கார்ந்து பாடினா ஊரே கேட்கும்" என்றான் இசைச்செல்வன்.

"குடியிருக்கப் போறது உன் பாட்டா, நானா? மழை பெஞ்சா ஒழுகுமான்னு பாரு முதல்ல."

"அங்க ஒரு கரடி உட்கார்ந்திருக்கே?"

மீனலோசனி திரும்பிப் பார்த்தாள். தாண்டவராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். பாவம், வேலை வெட்டி இல்ல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு வேர் பொறுக்கப் பறந்தாள்.

அன்று தாண்டவராயன் மதியச் சாப்பாட்டை இரண்டு முறை சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

நான்கு முட்டைகள். இளம்பச்சையில் பழுப்புப் புள்ளிகள். பதின்மூன்றாம் நாள் நான்கும் பொரிந்தன. பெட்டிக்குள் நடப்பதெல்லாம் கேமரா வழியாகப் போனில் தெரிந்தது. தாண்டவராயன் கையில் போனை வைத்துக்கொண்டே பல் துலக்கினார், போனை வைத்துக்கொண்டே சாப்பிட்டார். நான்கில் ஒன்று கொஞ்சம் நோஞ்சான். அம்மா புழுவோடு வரும்போது மற்ற மூன்றும் வாயைத் திறந்து முடித்த பிறகுதான் அது மெல்லத் திறக்கும். அதற்குள் புழு தீர்ந்துபோயிருக்கும்.

"அந்தக் கடைசிப் பிள்ளைக்குக் குடும்மா! அதுவும் உன் பிள்ளைதானே!" என்று போனைப் பார்த்துக் கத்துவார்.

"நம்ம பிள்ளைங்களை வளர்க்கும்போது இந்தப் பொறுப்பு எங்க போச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

படங்களையும் கேமராவின் நேரலையையும் குழுவில் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அதில் அம்பலவாணன் என்று ஓர் உறுப்பினர் காட்டிய ஆர்வம் தாண்டவராயனை நெகிழ வைத்தது. முகப்புப் படத்தில் தாமரைப்பூ. ஒவ்வொரு நாளும் தவறாமல் கேட்பார்: "குஞ்சுகள் நலமா ஐயா?" "எடை கூடியிருக்கிறதா?" ஒருநாள், "எந்த மரம் ஐயா, தரிசிக்க ஆவலாக உள்ளது" என்று கேட்டார். தாண்டவராயன் வழி, மரம், உயரம், வாசல் பார்த்திருக்கும் திசை, தாயும் தகப்பனும் இரை தேடப் போகும் நேரம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பினார். அலுவலகத்தில் இருந்தபோதுகூட இவ்வளவு முழுமையான பதிலை யாருக்கும் அவர் கொடுத்ததில்லை.

குஞ்சுகளுக்குப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. மதியம் மூன்று மணி. இசைச்செல்வனும் மீனலோசனியும் இரை தேடிப் போயிருந்தார்கள். கொய்யா மரத்தின் அடியில் ஏதோ நெளிந்தது. தாண்டவராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஏழடி நீளச் சாரைப்பாம்பு ஒன்று நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்தார். ஓரடி வைத்தார். கால்விரலுக்கு முன்னால் வெள்ளைக் கோடு.

"செண்பகம்! பாம்பு!"

"விரட்டுங்க!"

"ஒன்பதாம் விதி இருக்கே!"

குழுவில் எழுதினார்: "அவசரம். சாரைப்பாம்பு பெட்டியை நோக்கி ஏறுகிறது. தலையிடலாமா? உடனே சொல்லவும்."

மார்க்கண்டன் உடனே ஒரு வாக்கெடுப்பு வைத்தார். 'தலையிடலாம்', 'தலையிடக் கூடாது' என்று இரண்டே பதில். மயில் ஒன்று, "பாம்பும் இயற்கைதானே" என்று எழுதியது. பாம்பைப் பார்த்தாலே கொத்துகிற மயில் அது. முயல் ஒன்று அழும் முகம் போட்டது. "நேரலையைக் கொஞ்சம் தெளிவாக வைக்க முடியுமா?" என்று காட்டெருமை கேட்டது. பாதி மரம் ஏறியிருந்த பாம்பு ஒரு கணம் நின்றது. வால் நுனியில் ஒரு போன் பளபளத்தது. அடுத்த நொடியில் குழுவில் வந்து விழுந்தது: 'அம்பலவாணன் வாக்களித்தார்: தலையிடக் கூடாது.'

தாண்டவராயனுக்கு அப்போதுதான் புரிந்தது. தாமரைப்பூ! குஞ்சுகளின் எடை! தன் கையாலேயே எழுதி அனுப்பிய வழி!

திரையைப் பார்த்தார். பெட்டியின் வாசல் இருண்டது. எப்போதும் அம்மா வந்தால்தான் அந்த வாசல் இருளும். குஞ்சுகள் அம்மாதான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, இருட்டை நோக்கி வாயைத் திறந்தன. அன்று முதல் ஆளாகத் திறந்தது அந்த நோஞ்சான்தான்.

அதற்குமேல் என்ன நடந்தது என்று தாண்டவராயனைக் கேட்டால் இன்றும் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. போன் ஒருபக்கம் பறந்தது. கண்ணாடி இன்னொரு பக்கம் பறந்தது. "டேய் அம்பலவாணா!" என்ற ஒரு கர்ஜனை ஆற்றுக்கு அக்கரைவரை கேட்டது. கோட்டைத் தாண்டினார். தாண்டியவர் பத்தாவது அடியில், செடிக்குத் தண்ணீர் விட வைத்திருந்த ரப்பர் குழாயில் கால் மாட்டிக் குப்புற விழுந்தார். தோட்டம் மரத்தை நோக்கிச் சரிவாக இருந்தது. விழுந்தவர் நிற்கவில்லை. சுருட்டிய மெத்தை மாதிரி உருண்டு போய்க் கொய்யா மரத்தில் முழு உடம்போடும் மோதினார்.

மரம் வேர்வரை ஆடியது. பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. பழங்களோடு அம்பலவாணனும் உதிர்ந்து, தாண்டவராயனின் கழுத்தில் சால்வை மாதிரி விழுந்தார். பெட்டி ஒரு ஆணியில் தொங்கியது. உள்ளே உலகமே ஆடிய பயத்தில் நான்கு குஞ்சுகளும் வாசல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியே குதித்தன. குதித்த பிறகுதான் கீழே தரை வெகு தூரம் என்று அவற்றுக்குத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் சிறகடித்தன.

ஒன்று மதில்மேல் போய் உட்கார்ந்தது. ஒன்று செம்பருத்திப் புதருக்குள் போனது. ஒன்று செண்பகவல்லி காயப்போட்ட புடவையைப் பிடித்துத் தொங்கியது. நோஞ்சான் மட்டும் தள்ளாடித் தள்ளாடி வந்து தாண்டவராயனின் தலையில் இறங்கியது.

"வணக்கம் ஐயா" என்றார் அம்பலவாணன், கழுத்திலிருந்து மெதுவாக அவிழ்ந்துகொண்டே. "தரிசிக்கத்தான் வந்தேன். இங்க கூட்டமா இருக்கு. இன்னொரு நாள் வரேன்." கரண்டியோடு செண்பகவல்லி வருவதைப் பார்த்ததும் வேலிக்குள் புகுந்து மறைந்தார்.

அதே சமயம் வாய் நிறையப் புழுக்களோடு மீனலோசனி வந்து சேர்ந்தாள். தொங்கும் பெட்டியைப் பார்த்தாள். வாயிலிருந்து புழுக்கள் விழுந்தன. கீழே கிடந்த கரடியைப் பார்த்தாள்.

"நாசமாப் போற கரடியே! சும்மா உட்கார்ந்திருக்கேன்னுதானே உன்னை விட்டு வெச்சேன்! ரெண்டு நாள் கழிச்சு நல்ல நேரம் பார்த்துப் பறக்க விடலாம்னு இருந்தேனே! என் பிள்ளைங்க எங்கே?"

"மீனா, மதில்ல பாரு" என்றான் இசைச்செல்வன். "புதர்ல ஒண்ணு. கொடியில ஒண்ணு."

"மூணுதானே ஆச்சு?"

தாண்டவராயன் தலையை அசைக்காமல், விரலால் மட்டும் மேலே காட்டினார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அடிபட்ட வலி என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

மீனலோசனி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு, கீழே விழுந்த புழு ஒன்றைப் பொறுக்கி, அவர் நெற்றியில் உட்கார்ந்தபடியே நோஞ்சானுக்கு ஊட்டினாள்.

சாயங்காலம் வாக்கெடுப்பின் முடிவு வந்தது. தலையிடலாம் என்று ஒன்பது பேர். தலையிடக் கூடாது என்று அறுபத்தொரு பேர். முதலாம், ஒன்பதாம் விதிகளை மீறியதற்காகத் தாண்டவராயன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஆர்வமுள்ள உறுப்பினர் என்று அம்பலவாணனைப் பாராட்டி, அவரைத் துணை நிர்வாகி ஆக்கினார்கள்.

செண்பகவல்லி அவர் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். முதுகுக்கும் போட்டாள். தாண்டவராயன் மெல்லக் கேட்டார்.

"நான் ஓடினது சரிதானே செண்பகம்?"

"ஓடினீங்களா? உருண்டுதானே போனீங்க" என்றாள். சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே ஒரு காப்பி கலந்துவரப் போனாள்.

நீதி: ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்ற நல்ல மனம் மட்டும் போதாது, நல்ல எடையும் வேண்டும். ஆகவே மதியச் சாப்பாட்டை ஒருபோதும் குறைக்காதீர்கள்.